மலைக்குப் போயிருக்காக

இருபத்திரண்டு வயதில் எனக்கு இரண்டு திமிர் இருந்தது. ஒன்று, டைப்ரைட்டரில் ஒரு பக்கம் அடித்தால் ரப்பர் வைத்து அழிக்க வேண்டிய எழுத்து ஒன்றுகூட இருக்காது. இன்னொன்று, கம்பம் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரியாத ஊரும் இல்லை, ஆளும் இல்லை என்ற நினைப்பு. தேனி பஜாரில் அப்பாவுக்கு இரும்புக்கடை. மண்வெட்டியும் கடப்பாரையும் முள்கம்பியும் வாங்க எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, பேச்சை வைத்து இவர் வருசநாடு, இவர் தேவாரம் என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு அப்பாவைப் பெருமையாகப் பார்ப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஊரைத் தெரிந்துகொண்டவளுக்கு ஊர் எவ்வளவு தெரியும் என்பது பிறகு தெரிந்தது.

அம்மா என் பத்தாவது வயதில் போய்விட்டாள். அதன் பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இழுத்துக்கொண்டு போனது, அப்பாவிடம் சண்டை போட்டு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தது எல்லாம் அக்காதான். என்னைவிட எட்டு வயது மூத்தவள். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தானுக்கு பஜாரில் கடையும், மேலே மலையில் கொஞ்சம் தோட்டமும் இருந்தன. நான் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணிய சேதி கேட்டு ரயிலேறித் தேனிக்கு வந்து, சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டச் சொல்லிவிட்டுப் போனாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. அதை நடத்திய டாக்டர் மெட்ராஸ்காரர், மூட்டு நோய்களுக்கென்று தனியாகப் படித்தவர். நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்; பின்னால் வருவதைப் படித்து அவரை வில்லனாக்கிவிட்டால் என் பாடு சுலபமாகிவிடும். கையில் காசில்லாமல் வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு மருந்துக் கம்பெனி மூட்டுவலிக்குப் புதிதாக ஒரு மாத்திரையோடு வந்தது. இளமஞ்சள் நிறம், சட்டைப் பொத்தான் அளவு. கடைக்கு வரும் முன்னால் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்து, யாருக்கு வலி குறைந்தது, யாருக்கு என்ன கோளாறு வந்தது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அது டாக்டர்கள் படிக்கும் பத்திரிகையில் வரும். அதைப் படித்து மற்ற டாக்டர்கள் மாத்திரையை எழுதிக் கொடுப்பார்கள். நாற்று நட்டும் களை எடுத்தும் முழங்கால் தேய்ந்த பெண்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் பஞ்சமா என்ன? தேவாரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்தோம். சோதனை என்று யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கவில்லை. "புது மருந்து வந்திருக்கு" என்றோம். அவர்களும் கையை நீட்டினார்கள்.

வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரி வேன் அங்கே போகும். பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு நான் உட்காருவேன். ஆளுக்கொரு அட்டை. பெயரைக் கூப்பிட்டு, வலி எப்படி, வீக்கம் எப்படி, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று கேட்டு எழுதி, அடுத்த வாரத்துக்கு மாத்திரையை எண்ணிக் கொடுப்பேன். டாக்டர் உள்ளே உட்கார்ந்து மூட்டுகளை மடக்கி நீட்டிப் பார்ப்பார். வராதவர்கள் வீட்டுக்கு நானே போய் விசாரித்து, 'வராத காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அதுவும் என் வேலை.

முதல் அட்டை, சிவப்புக்கல் மூக்குத்தி போட்ட ஒரு அம்மாவுடையது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். ஆனால் வாய்க்கு ஆள் வேண்டாம்.

"ஏத்தா, இம்புட்டு ஒல்லியா இருக்க, ஆஸ்பத்திரில சோறு போடமாட்டாகளா?" என்று என்னைக் கேட்டு வராந்தாவையே சிரிக்க வைப்பார். வரும்போதெல்லாம் மடியில் நிலக்கடலை கொண்டுவந்து மேஜையில் கொட்டுவார். நான் மாத்திரை கொடுப்பேன், அவர் கடலை கொடுப்பார். கொடுக்கல் வாங்கல் சரியாக இருக்கிறது என்று டாக்டர்கூடச் சிரித்தார்.

நாலைந்து வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒவ்வொருவராக வராமல் போனார்கள். மூக்குத்தி அம்மாவும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். மருமகள் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"அத்த மலைக்குப் போயிருக்காக."

ஏலக்காய் பறிக்கிற பருவம். அடிவாரத்துச் சனங்கள் கூட்டமாக மலையேறிப் போய், தோட்டத்தில் வாரக்கணக்கில் தங்கி வேலை பார்ப்பார்கள். நடைபாதை, செங்குத்து, பாதி நாள் ஏற வேண்டும். அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த தெருவிலும் அதே. நான் ஒவ்வொரு அட்டையிலும் 'மலை' என்று எழுதினேன்.

டாக்டருக்கு அது புரியவில்லை. ஒரு நாள் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது என்னம்மா, மலை மலைன்னு எழுதியிருக்கே?"

சொன்னேன். பாதை எவ்வளவு செங்குத்து, முதுகில் அரிசி மூட்டையோடு எப்படி ஏறுவார்கள் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தவள் மாதிரிச் சொன்னேன். கடைக்கு வந்தவர்கள் சொல்லிக் கேட்டதுதான். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதவங்க. அவங்க இப்ப மலையேறிக் கூலி வேலைக்குப் போறாங்களா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு கணம் சந்தேகம் தட்டியது. மூக்குத்தி அம்மா அந்தப் பாதையில் எப்படி ஏறியிருப்பார்? ஆனால் படித்த மனிதர், அவரே சந்தோஷப்படுகிறார், நான் யார் நடுவில் என்று விட்டுவிட்டேன். விட்டது மட்டுமில்லை, "ஆமா சார்" என்றும் சொன்னேன். அன்றைக்கே அவர் அறிக்கையின் முதல் வரைவை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். குணம் கண்டதால் செங்குத்தான மலைப்பாதையில் ஏறிக் கடின வேலைக்குத் திரும்பிவிட்டார்கள், அதனால் சிலர் தொடர்ந்து வரவில்லை என்று ஒரு வரி. வழக்கம்போல் ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். கம்பெனிக்காரர் அந்த வாரமே வந்து, வரைவை வாங்கிப் படித்து, அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டுக்கொண்டு பம்பாய்க்கு எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் வெயில் தாங்கவில்லை. தண்ணீர் கேட்டு மூக்குத்தி அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் யாரும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பழகின வீடுதானே என்று பின்கட்டுக்குப் போனேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், சாக்கின்மேல் அவர் சுருண்டு படுத்திருந்தார். அருகில் மண்சட்டி. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"மலைக்குப் போகலையாம்மா?" என்றேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி.

"கோவிச்சுக்கிராத தாயி," என்றார். வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது அவருக்கு. "மாத்திரையத் தின்னதுல இருந்து வயிறு எரியுது. கக்குனா ரத்தமா வருது. கொல்லைக்குப் போனா கருப்பாப் போகுது. நிப்பாட்டிட்டேன்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"வெயில்ல வந்து பேரச் சொல்லிக் கூப்புட்டு நீ குடுக்குற. குடுத்த கையப் பாத்து, ஒம் மருந்து எனக்கு ஆகலைன்னு எப்பிடித்தா சொல்றது? மூஞ்சி வாடிப் போயிரும்ல ஒனக்கு. அதேன் மலைக்குப் போயிட்டேன்னு சொல்லச் சொன்னேன்."

நான் ஒல்லி, என் முகம் வாடிவிடும், அதனால் அவர் பின்கட்டில் ரத்தம் கக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவரை வேனில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வைத்துப் பார்த்தார். உயிர் பிழைத்தார். அதன் பிறகு வயலுக்குப் போகும் தெம்பு அவருக்கு வரவேயில்லை.

மறுவாரம் நான் வேனிலிருந்து இறங்கி மேஜைக்குப் போகவில்லை. 'மலை' என்று எழுதிய அட்டைகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வாசலில் நின்று கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்து கேட்டேன். உண்மையில் மலைக்குப் போனவர்கள் இரண்டு பேர். மற்ற எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். சிலருக்கு எரிச்சல், சிலருக்கு வாந்தி, இரண்டு பேருக்கு மூக்குத்தி அம்மாவுக்கு வந்ததே வந்திருந்தது. எல்லாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு அம்மா மீதி மாத்திரைகளைத் துணியில் முடிந்து வைத்திருந்து, குறையாமல் இருக்கிறதா எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அத்தனையையும் ஒரு பட்டியலாக எழுதி டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"நீ முதல்லயே உள்ள போய்ப் பார்த்திருக்கலாம்," என்றார். அது என்மேல் விழுந்த அடி. பிறகு, "நானும்தான்," என்றார்.

அன்று மாலையே கம்பெனிக்குக் கடிதம் சொன்னார். நேர்மையான கடிதம். வரைவில் தவறு இருக்கிறது, அந்த வரியை எடுத்துவிடுங்கள், இந்தப் பட்டியலையும் அறிக்கையோடு சேருங்கள் என்று. பட்டியலையும் சேர்த்து நான் கார்பன் வைத்து அடித்தேன். மூலம் கம்பெனிக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு, மெல்லிய தாளில் கடைசிப் பிரதி ஒன்று. அந்தக் கடைசிப் பிரதியை ஏனோ நான் வீட்டுக்கு எடுத்துப் போய் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

பதில் மரியாதையாக வந்தது. அறிக்கை ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது, கடைசி வாரம் வரை மாத்திரை சாப்பிட்டவர்களின் விவரமே போதுமானது, நடுவில் நின்றவர்களைப் பற்றிய தகவலுக்கு நன்றி. அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் வயிறு தாங்கியவர்கள்தான் கடைசி வாரம் வரை சாப்பிட்டிருப்பார்கள். அவர்களை மட்டும் எண்ணினால் மாத்திரை நல்ல மாத்திரைதான்.

டாக்டர் விடவில்லை. பட்டியலை வைத்து இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். சில மாதம் கழித்து அதுவும் திரும்பி வந்தது. வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் புதிய செய்தி எதுவும் இதில் இல்லை என்று சீட்டு.

"குணமாச்சுன்னா அச்சடிப்பாங்க," என்றார் டாக்டர், உறையை மடித்தபடி. "ஆகலைன்னு சொன்னா அதுக்கு ஒரு பக்கம் ஒதுக்க மாட்டாங்க. எந்தப் பத்திரிகையும் அப்படித்தான்."

அந்த உறை இரும்பு அலமாரிக்குள் போயிற்று. அதன் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையை அவர் யாருக்கும் எழுதவில்லை. காரணமும் யாருக்கும் சொல்லவில்லை. இதைப் பற்றி அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே வந்தவர்கள் தப்பித்தார்கள். வெளியே இருந்தவர்களுக்கு யார் சொல்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அறிக்கை வழவழப்பான தாளில் அச்சாகி ஒரு கட்டு வந்தது. அந்த வரி இருந்தது. அந்த வாரம் அக்கா தேனிக்கு வந்திருந்தாள். வீட்டில் என் மேஜைமேல் கிடந்த ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினாள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

"இது நீ அடிச்சதாடி?"

"ஆமா."

"புஸ்தகத்துலயே வந்திருச்சே. அப்பா, இங்கன வந்து பாருங்க, நம்ம வீட்டுப் பிள்ளை அடிச்சது புஸ்தகமா வந்திருக்கு," என்று அதை எடுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டாள். போடிக்குத் திரும்பும்போது ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். அக்கா, அது பொய், அந்த அம்மாக்களில் இரண்டு பேரைத் தவிர யாரும் மலைக்குப் போகவில்லை என்று. இரண்டு வாக்கியம். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அவள் முகம் வாடிவிடும் என்று நினைத்தேன். மூக்குத்தி அம்மா என் முகத்தைப் பார்த்துச் செய்ததையேதான் நானும் செய்தேன். அவராவது தன் வயிற்றைக் கொடுத்து மரியாதை செய்தார். நான் யாருடைய வயிற்றைக் கொடுத்தேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கொஞ்ச நாளில் எனக்குக் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டேன். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். டைப்ரைட்டரை அப்பா வீட்டிலேயே விட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியை மட்டும் கொண்டுபோனேன். அக்காவிடமிருந்து மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். பிள்ளைகள் படிப்பு, ஏலக்காய் விலை, கிறிஸ்துமஸுக்கு எடுத்த சேலை, யார் வீட்டில் என்ன சண்டை. எண்பதுகள் வந்ததும் கடிதங்களில் முழங்காலும் வரத் தொடங்கியது. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து ஏலக்காயை ரகம் பிரித்தவள். கோயிலில் முழங்கால்படியிட்டு ஜெபம் பண்ண முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஜெபிக்கிறேன், ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்னு நினைக்கிறேன் என்று எழுதினாள். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு என்று பதில் எழுதினேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளின் ஆலோசனை.

பிறகு இரண்டு மாதம் கடிதமே இல்லை. மூன்றாவது மாதம் அத்தான் கையெழுத்தில் ஒன்று வந்தது. நான்கைந்து வரி. எல்லாரும் சுகம். உன் அக்கா மலைக்குப் போயிருக்கிறாள். முட்டுவலி இப்போது தேவலை. தோட்டத்தில் பறிப்பு நடப்பதால் அங்கேயே தங்கியிருக்கிறாள், வந்ததும் எழுதுவாள்.

அந்தக் கடிதத்தைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. என் வீட்டுக்காரரிடம் வாசித்தே காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணியவள் மலையேறிவிட்டாள் பாருங்கள் என்றேன். இப்போது ஜீப் இருக்கிறது, ஏறுவதற்கு என்ன கஷ்டம் என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். உலகத்தில் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பின்கட்டுக்கு ஓடிப் பார்த்திருக்க வேண்டிய ஒருத்தி நான். நல்ல சேதி வேண்டுமென்று இருந்தேன், வந்தது, எடுத்துக்கொண்டேன். மெட்ராஸ் டாக்டரை எத்தனை வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

'மலைக்காற்றுக்கு நிறம் வேறு ஏறியிருக்கும், அடையாளம் தெரியுமா உன்னை' என்று கேலியாகப் பதில் எழுதிப் போட்டேன். அது போய்ச் சேர்ந்த அன்றோ மறுநாளோ தந்தி வந்தது.

போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதே அழைத்துப் போக வந்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அக்காவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். நிறம் ஏறியிருக்கவில்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது என்றார்கள். அன்று மாலையே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பாட்டுப் பாடும்போது கூட நின்றேன், ஜெபத்துக்குத் தலைகுனிந்தேன், மண் போட்டேன். எதுவும் மனசில் ஏறவில்லை.

எல்லாரும் போன பிறகு அத்தான் அக்காவின் பைபிளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒனக்குக் குடுக்கச் சொன்னா."

திறந்தேன். உள்ளே மடித்த ஒரு தாள். நான் தேனியில் அடித்த அறிக்கை, அவள் பையில் வைத்துக்கொண்டு போன பிரதி. அதோடு மருந்துக் கம்பெனி ரெப் டாக்டர்களிடம் கொடுக்கும் வண்ணத்தாள் ஒன்று. மலைச்சரிவில் கூடையோடு ஒரு பெண் ஏறுகிற படம் போட்டு, அதன் கீழே அந்த வரி. இரண்டுக்கும் நடுவில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. இளமஞ்சள் நிறம்.

"இங்கன டாக்டர் எழுதிக் குடுத்தாரு," என்றார் அத்தான். "இந்தப் பேப்பரையும் காட்டுனாரு. அதுல ஒங்க ஆஸ்பத்திரி பேரு இருந்துச்சா, ஒங்க அக்காவுக்கு ஒரே பெருமை. எந் தங்கச்சி வேலை பாத்த மாத்திரைன்னு டாக்டர்ட்டயே சொன்னா. பத்து நாள்ல வயிறு எரியுதுன்னா. நிப்பாட்டுன்னேன். கேக்கல. பழகிரும்னா."

"எனக்கு ஏன் அத்தான் எழுதல?"

"எழுதத்தான் பேப்பரை எடுத்தேன். அவதான் விடல. மலைக்குப் போயிருக்கான்னு எழுதுங்க, அவ பாத்த மாத்திரை எனக்குச் சேரலன்னா பாவம் மனசு சங்கடப்படுவான்னா."

அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை நல்ல மாத்திரைதானே? அவ ஒடம்புக்குத்தான் ஒத்துக்கல. அப்பிடித்தானே?"

ஆமா என்று சொல்லியிருந்தால் அவர் அன்றிரவு தூங்கியிருப்பார். நான் சொல்லவில்லை. வராந்தா மேஜையிலிருந்து தொடங்கி அலமாரிக்குள் போன உறை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்.

"இதெல்லாம் ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அவட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆத்தா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆத்தா என்று கூப்பிட்டுச் சொன்னார். பிறகு எழுந்து கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு அவர் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் போடிக்குப் போனபோது டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த மெல்லிய தாளை எடுத்துப் போனேன். கார்பன் எழுத்து ஊதாவாக மங்கியிருந்தது, படிக்க முடிந்தது. அக்காவுக்கு மாத்திரை எழுதிய டாக்டரின் கிளினிக் பஜாருக்குப் பின்னால் இருந்தது. சின்ன வயசுக்காரர். அக்கா இறந்ததில் அவருக்கும் வருத்தம்தான். உட்காரச் சொல்லி, தாளை வாங்கி, நிதானமாகப் படித்தார்.

"இது எந்தப் பத்திரிகையில வந்திருக்கு?" என்றார்.

"எதுலயும் வரல. எங்க டாக்டர் கட்டுரையா எழுதி அனுப்புனாரு. போடல."

"ரெப் கொடுத்தது அச்சுல வந்தது. இது டைப் அடிச்ச தாள். கையெழுத்துகூட இல்லை. நான் எதை நம்புறது சொல்லுங்க?"

அவரைத் தப்புச் சொல்ல முடியவில்லை. அச்சில் வந்ததைப் படித்துத்தான் அவர் வைத்தியம் பார்க்க முடியும். பார்க்கிறேன் என்று சொல்லித் தாளை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஓரத்தில் வயலில் இருந்து நேராக வந்த மாதிரி ஒரு அம்மா. சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. மடியில் மாத்திரை அட்டை, இளமஞ்சள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்த மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"ஆமா தாயி."

"வயிறு எரியுதா?"

அந்த அம்மா டாக்டர் அறைக் கதவை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதெல்லாம் இல்ல தாயி. நல்லாத்தேன் இருக்கு. நல்ல டாக்டரு."

இடது கை முந்தானைக்குள் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

"எங்க அக்காவும் இப்பிடித்தான் சொன்னா," என்றேன். "போன மாசம் அவளக் கல்லறைத் தோட்டத்துல வச்சுட்டு வந்தோம். இதே மாத்திரைதான்."

அவர் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எரியத்தேன் செய்யுது. டாக்டர்ட்டச் சொல்லிராத தாயி, பாவம், சங்கடப்படுவாரு."